ஆடிக்குப் போன மருமகள்

சிந்தாதிரிப்பேட்டை, 1887
சர்வசித்து வருஷம், ஆடி 6, புதன்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். துபாஷ் ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் நின்று பேசவே இந்தப் பட்டணத்தில் ஆட்கள் சிபாரிசு தேடுவார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் நம் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கிற பெரிய மனிதர். அப்பேர்ப்பட்டவர் இன்று என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது என் வலது கை எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கடைசித் துண்டுக்கு ஆசைப்பட்டு விட்ட கை. போனது வரவில்லை.

"என்ன தாயாரம்மா, கையில?"

"வாதத்துக்கு வைத்தியம்ங்க எஜமான்."

தலையை ஆட்டினார். பெரிய மனிதர்களுக்குக் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் வந்தால் போதும். ஜாடியும் கையுமாக அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றபடியே பேசினேன். அவர் பேசி முடிக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.

நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். போலீசு கோர்ட்டில் பதினான்கு வருஷம் பெண்களைச் சோதனை போடும் வேலை பார்த்தவள். கொண்டைக்குள் மோதிரம், இடுப்புக்குள் சங்கிலி, எதுவும் என் கைக்குத் தப்பியதில்லை. முழங்கால் வலியால் வேலையை விட்ட பிறகு, போலீசுக்காரனை நடைக்குள் விட விரும்பாத குடும்பங்கள் என்னைக் கூப்பிடுகின்றன. ஓடிப்போன சமையற்காரி, தொலைந்த அட்டிகை, சின்னவீடு வைத்துக்கொண்ட சம்பந்தி, எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முன் ரங்கூனுக்குப் போன என் வீட்டுக்காரரை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. புகார் கொடுக்கப் போன இடத்தில் குமாஸ்தா பெயரைக் கேட்டார். புருஷன் பெயரை வாயால் சொல்லலாமா? ஒரு பகல் முழுக்கச் சாடை காட்டினேன். கடைசியில் அவர் எழுதிக்கொண்டது வேறு யாரோ ஒருவர் பெயர். அந்த ஆளையும் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

துபாஷ் சொன்னது இது. அவர் மகன் நடேசனின் மனைவி பூங்காவனம், பத்தொன்பது வயது, கல்யாணமாகி நாலு மாதம். புது மருமகள் ஆடி மாதம் மாமியார் வீட்டில் இருக்கக் கூடாது. ஆடி பிறக்குமுன் தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அழைத்துப்போக வேண்டிய தகப்பன் செங்கல்பட்டில் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆனிக் கடைசி நாள் சாயந்தரம் வரை பார்த்துவிட்டு, மாமியார் காந்திமதி அம்மாள் ஒரு டிரங்குப் பெட்டியைக் கொடுத்து, மருமகளைத் தனியாக ஜட்காவில் ஏற்றி எழும்பூர் ரயிலடிக்கு அனுப்பிவிட்டாள். ஒரு பெண்ணைத் தனியாக அனுப்புவது பெரிதில்லை, ஆடியில் வைத்துக்கொள்வதுதான் குற்றம். நேற்றுக் காய்ச்சல் தெளிந்து தகப்பன் வந்து நின்றார். மகள் இங்கே இருக்கிறாள் என்று அவர் நினைத்திருக்கிறார், அங்கே இருக்கிறாள் என்று இவர்கள். அதற்குள் அவள் வண்டி ஏறி ஐந்து நாள் ஆகியிருந்தது. ஒருவரும் தேடவில்லை.

"ஆவணி முதல் தேதி என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். மருமக வாசல்ல நின்னு ஆரத்தி எடுக்கலேன்னா சம்பந்தி வீட்டுக்காரங்க ஏன்னு கேப்பாங்க. அதுக்குள்ள கொண்டுவந்து நிறுத்து. போலீசு வேணாம். நாள்வாரியா ஒரு புஸ்தகத்துல எழுதி வை, எங்க துரைமார் அப்படித்தான் செய்வாங்க. நான் கேக்கிறப்ப காட்டணும்."

அங்க அடையாளங்களை அப்போதே எழுதிக்கொள்ளச் சொன்னார். ஜாடியைக் காட்டினேன். ஊறுகாயாலும் ஒரு உபகாரம்.

ஆடி 7, வியாழன்

துபாஷ் வீடு. மூன்று கட்டு, பின்னால் கிணறு. காந்திமதி அம்மாள் என்னை உட்காரச் சொல்லுமுன், "எங்க வீட்டுல மாமியார் கொடுமைன்னு ஒண்ணும் கெடையாது" என்றாள். நான் கேட்கவே இல்லை.

பின்கட்டில் ஒரு சின்னக் கொட்டகை. மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்கள் விலகி இருக்கும் இடம். அதில் கல்யாணப் பெண் லோகாம்பாள் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கேட்டாள். காந்திமதி அம்மாள் ஒரு முழ உயரத்திலிருந்து கொட்டாங்கச்சியில் ஊற்றினாள். பெண் வாங்கிக் குடிக்க எழுந்தபோது அவள் நிழல் கிணற்றுச் சுவரில் பட்டுவிட்டது.

"கெணத்துப் பக்கம் வராதேன்னு எத்தினி தரம்டி சொல்றது? பெத்த பொண்ணுன்னு பார்க்க மாட்டேன்."

நிழல் பட்ட தீட்டுக்கு வேலைக்காரியை விட்டுப் பத்துக் குடம் இறைத்துக் கொட்டச் சொன்னாள். பத்தையும் எண்ணினேன்.

பூங்காவனம் நகைகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். "பாரு, எல்லாம் இருக்குது" என்று காந்திமதி அம்மாள் நகைப்பெட்டியைத் திறந்தாள். அடியில் கோர்ட்டு முத்திரை போட்ட பழைய காகிதம் ஒன்று.

"இது மூத்தவளோட நகைக் காகிதம். படிச்சுப் பாரு, அப்பவும் ஒரு குண்டுமணி கொறையல."

கண்ணாடி எடுத்து வரவில்லை என்றேன்.

மூத்தவள் என்றால் நடேசனின் முதல் மனைவி அம்சவேணி. இரண்டு வருஷத்துக்கு முன் விடியற்காலையில் வாசல் தெளிக்கத் தண்ணீர் இறைக்கப் போய், இதே கிணற்றில் வழுக்கி விழுந்து செத்தாள். "உனக்குத் தெரியாததா" என்றாள் காந்திமதி அம்மாள்.

தெரியும். பேச்சை மாற்றி, லோகாம்பாளுக்கு என்ன புடவை எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

ஆடி 9, சனி

அரிசிப் பானை இந்த மாதம் சீக்கிரம் வற்றுகிறது. எலி. எதிர்வீட்டுக்காரி கொடியில் இரண்டு புடவை காய்கிறதே என்றாள். வயதானால் வியர்வை அதிகம் என்றேன்.

ஆடி 10, ஞாயிறு

பூங்காவனத்தை ஏற்றிப்போன ஜட்காக்காரர் காதர் பாய் அகப்பட்டார்.

"அந்தப் பொண்ணா? ஏறிச்சு. பாதி வழில வண்டியைத் திருப்புன்னுச்சு. அப்பால நம்ம..."

"பாய், குதிரை ரொம்ப இளைச்சுக் கிடக்குதே. ஒரு மூட்டை கொள்ளு அனுப்பட்டுமா?"

அவர் குதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குதிரை என்னை மட்டும் பார்த்தது.

"எழும்பூரு ரயிலடிலதாம்மா எறக்கினேன். இப்பத்தான் ஞாபகம் வருது."

ஆகவே எழும்பூர் ரயிலடி வரை துப்பு கிடைத்திருக்கிறது. துபாஷிடம் சொல்லி அனுப்பினேன். செங்கல்பட்டு, மதுராந்தகம், விழுப்புரம் என்று ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். தண்டவாளம் நீளமானது. நல்லது.

ஆடி 13, புதன்

நடேசன் வந்தான். இருபத்தெட்டு வயது, சரிகைக் கரை வேட்டி, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. தகப்பன் அன்றைக்கு வாசலோடு நின்றார். மகன் கேட்காமல் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டான். அவன் பார்வை போன இடத்தில் இரண்டு வாழை இலைகள் இருந்தன. ஒன்றில் சாப்பிட்டாயிற்று. மற்றொன்றில் சோறு பாதி.

"யாராச்சும் வந்திருக்காங்களா?"

"எனக்குத்தான் தம்பி ரெண்டும். டாக்டர் கொஞ்சமாச் சாப்பிடச் சொன்னாரு. இலைக்குக் கொஞ்சமா ரெண்டு இலை."

சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைக் கேட்டான். கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஏடாகப் புரட்டினான். இங்கிலீஷ் மட்டும் படித்த பிள்ளை, தமிழ் எழுத்து அவனுக்கு ஓடாது. அடுப்படியில் உலை கொதித்து வழிந்து, அணைகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அவன் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"எழுத்து முத்து முத்தா இருக்குதே. யாரு எழுதினது?"

"நான்தான்."

"பொம்பளைங்க எழுதக் கத்துக்கிட்டா எங்கம்மாவுக்கு ஆகாது. நல்லவேளை, எனக்கு வாய்ச்சது ரெண்டும் கைநாட்டு." புத்தகத்தை மூடி வைத்தான். "அவ கெடைச்சா அப்பாகிட்ட போகாதீங்க. நேரா என்கிட்ட வாங்க. நானே போய்க் கூட்டிட்டு வரேன். எங்க கெணத்தைத் தூர் வார ஆள் வெச்சிருக்கேன். நிச்சயதார்த்தத்துக்குள்ள முடிஞ்சுடும்."

கிணற்றைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

அவன் போய் வெகுநேரம் கழித்துத்தான் இதை எழுதுகிறேன். கை நடுக்கம் இந்தப் பக்கத்தில் தெரிந்தால் மன்னிக்க வேண்டும்.

ஆடி 14, வியாழன்

இன்றுமுதல் இந்தப் புத்தகம் புளிப் பானைக்குள் இருக்கும். துபாஷ் கேட்டால் எலி தின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வீட்டில் எல்லாவற்றையும் எலிதான் தின்கிறது.

ஆடி 18, திங்கள்

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சஞ்சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். கூவத்தில் பெருக்கு என்று சொல்லும்படி தண்ணீர் இல்லை என்றாலும் நாக்குக்கு வஞ்சனை செய்யக் கூடாது.

சாப்பாட்டு வேளைக்குப் பூங்காவனத்தின் தகப்பன் தம்புசாமி வாத்தியார் வந்தார். காய்ச்சலில் பாதி ஆளாகிவிட்டிருக்கிறார். மனைவி செத்த பிறகு ஒற்றையாக வளர்த்த பெண்.

"அம்மா, ஒரு விஷயம் அங்க யார்கிட்டயும் சொல்லலை. அவளுக்கு நான் எழுத்துக் கத்துக் கொடுத்திருக்கேன். என் கையெழுத்தைவிட அவ கையெழுத்து அழகு. அந்த வீட்டுல காட்டிக்காதேன்னு சொல்லி அனுப்பினேன். அதனால ஏதாவது வந்திருக்குமோ?"

அடுப்படியில் ஒரு செம்பு உருண்டது. வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"எலி" என்றேன்.

"உசிரோட இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நீங்க பார்த்திருக்க வேணாம். உங்க மனசுக்குத் தோணினா போதும்."

அந்த மனிதருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. சந்தோஷம் வந்தால் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக்கூடத் தெரிந்துவிடும். துபாஷ் வைத்த ஆள் ஒருவன் அவர் பின்னாலேயே வந்து முனையில் நின்றுகொண்டிருந்தான். "தோணுது" என்று மட்டும் சொன்னேன். இலை போட்டேன். எலுமிச்சஞ்சாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது அவ பக்குவமாட்டம் இருக்குதே" என்று அழுதார்.

எல்லார் வீட்டிலும் எலுமிச்சை புளிக்கத்தான் செய்யும் என்று சொல்லிச் சமாளித்தேன். இந்த வழக்கில் நான் செய்த பாவங்களில் இதுதான் பெரியது என்று நினைத்தேன். இல்லை. பெரியது ஒன்று இருக்கிறது. இன்று வேண்டாம்.

ஆடி 22, வெள்ளி

துபாஷ் வீட்டுக்கு வெளுக்கிற சின்னப்பொண்ணுவைக் கூவத்துத் துறையில் பிடித்தேன். கல்லில் துணியை அடித்துக்கொண்டே பேசினாள்.

"அம்சவேணி செத்த அன்னிக்கு நீ அந்த வீட்டுக்குப் போனியா?"

"போனேனே. விடியறதுக்கு மின்னாடியே போய்த் தீட்டுத் துணி எடுத்தாந்துடணும், அந்தம்மா சட்டம். கொட்டாயிலேர்ந்து அந்தப் பொண்ணே தன் கையால மூட்டையை வெளிய வெச்சுது. இன்னிக்கு ரெண்டாம் நாளு, நாளன்னிக்குத் தலைக்கு ஊத்திக்கினு உள்ள போவேன்னுச்சு. சின்ன எஜமான் பின்கட்டுல நின்னுக்கினு இருந்தாரு. நான் தெருமுனை தாண்டல, கெணத்துல விழுந்துட்டான்னு கத்தறாங்க."

"அப்போ யார்கிட்டயும் சொல்லலியா?"

துணியைப் பிழிந்தாள். "என்னை யாருக்கா கேட்டாங்க?"

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. எனக்கு. (அதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.)

முதல் பக்கத்தில் வெட்கக்கேடு என்று ஊறுகாய் ஜாடியைச் சொன்னேன். அது வெட்கக்கேடு இல்லை. இதுதான்.

அம்சவேணியைக் கிணற்றிலிருந்து எடுத்தபோது, உடம்பிலிருந்து நகைகளைக் கழற்றிக் கணக்கு ஒப்படைக்கக் கோர்ட்டிலிருந்து அனுப்பப்பட்டவள் நான். ஒட்டியாணத்தைக் கழற்றும்போது பார்த்தேன். அவள் விலக்குத் துணி கட்டியிருந்தாள். வாசல் தெளிக்கத் தண்ணீர் இறைக்கப் போனாள் என்று நடேசன் கூடத்தில் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். விலக்காக இருக்கிற பெண் வாசல் தெளிப்பாளா, அதற்குக் கிணற்றைத் தொடுவாளா என்று எந்தப் பெண்ணும் கேட்பாள். கூடத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேரும் ஆண்கள். அவர்கள் நடுவில் போய் நின்று அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? என்னை ஒருவரும் கேட்கவும் இல்லை. எந்த வீட்டில் என்ன பழக்கமோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நகைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வீட்டில் என்ன பழக்கம் என்று ஏழாம் தேதி பார்த்தேன். பத்துக் குடம். நிழலுக்கே பத்துக் குடம்.

ஆடி 26, செவ்வாய்

காந்திமதி அம்மாள் கூப்பிட்டு அனுப்பினாள். வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"வண்ணாத்தியோட துறையில உனக்கு என்னடி பேச்சு?"

"புடவைக்குக் கஞ்சி போடறது பத்திம்மா."

"பட்டணத்துல துப்புப் பார்க்க வேற ஆளே இல்லேன்னா உன்னைக் கூப்பிட்டோம்? அன்னிக்கு நீ பார்த்ததைப் பார்த்துட்டு வாயை மூடிட்டுப் போனே. இவ வாயடைச்சவன்னு நான்தான் அவர்கிட்ட உன் பேரைச் சொன்னேன். அப்படியே இரு."

ஆக, பதினான்கு வருஷத்து அனுபவத்துக்காக என்னை வைக்கவில்லை. ஒரு நாள் மௌனத்துக்காக வைத்திருக்கிறார்கள். பெருமைப்பட்டுக்கொள்ள இந்தத் தொழிலில் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். எடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள்.

ஆடி 28, வியாழன்

காதர் பாயின் வாயிலிருந்து உண்மையைப் பிரம்பால் எடுத்துவிட்டான் நடேசன். கொள்ளு தோற்றது. அவளை இறக்கிவிட்டது எழும்பூரில் இல்லை, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட் பக்கம்.

காலையில் இரண்டு தடியர்களோடு வந்து நின்றான்.

"இந்தப் பேட்டையில வீடு வீடாப் பார்க்கப் போறேன். உங்க வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு."

"தாராளமா."

கூடம் பார்த்தார்கள். அடுப்படி பார்த்தார்கள். குதிருக்குள் ஒருவன் தலையை விட்டுத் தும்மினான். புளிப் பானையைத் திறந்து மூடினான். என் உயிர் அதற்குள் இருந்தது அவனுக்குத் தெரியாது. பிறகு நடேசன் பின்வாசல் கதவைத் தள்ளினான்.

கொல்லையில், முருங்கை மரத்தடியில், கிழிந்த பாயில் ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலையோடு முக்காடு. பக்கத்தில் தனிச் செம்பு, தனித் தட்டு.

"யாரு அது?"

"என் சித்தி பேத்தி. வீட்டுக்கு வெலக்கு தம்பி. ரெண்டாம் நாளு." நான் நகர்ந்து வழி விட்டேன். "முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கங்க. அப்பறம் உங்கம்மா தலைக்குத் தண்ணி ஊத்தாம நடைக்குள்ள விட மாட்டாங்க. நிச்சயதார்த்த சாமானெல்லாம் வேற தீட்டாயிடும்."

நடேசனின் ஒரு கால் வாசற்படிக்கு வெளியே இருந்தது. அவளுக்கும் அவனுக்கும் எட்டடி. முக்காட்டுக்குள் மூச்சு ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. அவன் அவள் முதுகையே பார்த்தான். நாலு மாதம் ஒரே வீட்டில் இருந்தவன். தடியர்கள் இருவரும் முன்னமே கூடத்துக்குப் பின்வாங்கியிருந்தார்கள்.

நடேசன் வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காலை உள்ளே எடுத்தான்.

"சீ" என்றான். அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

அம்சவேணி விலக்காக இருந்த அன்று இதே சட்டம் அவன் காலைத் தடுக்கவில்லை. பார்க்க ஆளில்லாதபோது அவனுக்குத் தீட்டு இல்லை. இன்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் தாழ் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொல்லையிலிருந்து வந்து தூக்கிவிட்டவளுக்கு விலக்கெல்லாம் ஒன்றுமில்லை.

ஆடி 30, சனி

சின்னப்பொண்ணு சொன்னாள்: "கேட்டா சொல்லுவேன்க்கா. கேக்கச் சொல்லு."

ஆவணி 1, திங்கள்

துபாஷ் வீட்டில் மேளம் கேட்கும். ஆரத்தித் தட்டை யார் பிடிக்கிறார்களோ தெரியாது.

நான் இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குப் போகிறேன். நான் சொன்னால் அவர்கள் கேட்பார்களா, மூடிய வழக்கைத் திறப்பார்களா என்று தெரியாது. இந்தத் தடவை கேட்கும்வரை காத்திருக்கப் போவதில்லை.

போகுமுன் மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆனிக் கடைசி நாள் விளக்கு வைக்கிற வேளையில் ஒரு பெண் டிரங்குப் பெட்டியோடு என் வாசலுக்கு வந்தாள். "அந்த அக்கா நகையைக் கழட்டினது நீங்கதானே? அன்னிக்கு என்ன பார்த்தீங்க?" என்று கேட்டாள். மூத்தவள் வழுக்கி விழுந்த கதையை நம்பாமல், நகைப்பெட்டியின் அடியில் கிடந்த கோர்ட்டுக் காகிதத்தைத் திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறாள். அதில் என் பெயர் இருந்தது. இரண்டு வருஷத்தில் என்னைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஆகவே துபாஷ் வந்து தேடச் சொன்ன நாளில், தேட வேண்டியவள் என் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் இந்த மாதம் முழுவதும் யாரையும் தேடவில்லை. எலியும் இல்லை.

பதினான்கு வருஷம் கோர்ட்டில் நின்றதில் ஒன்று தெரியும். எழுத்துத் தெரியாதவர் காகிதத்தில் கீறல் போட்டால், அதை எழுதிக் கொடுத்தவர் பெயரும் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது. பெயர் போட்டால் நீ இருக்கும் இடம் எல்லாருக்கும் தெரிந்துவிடும், வேறு யாரையாவது வைத்துப் புதிதாக எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்கிறாள். தலையைக்கூட நிமிர்த்தாமல் இந்த வரியையும் எழுதுகிறாள்.

தாயாரம்மாள், கீறல்: X

மேற்படியாள் சொல்ல, முதல் வரியிலிருந்து எழுதினது: செங்கல்பட்டு தம்புசாமி வாத்தியார் மகள் பூங்காவனம்.